புளியந்தீவிலிருந்து போன கடிதங்கள்

மட்டக்களப்பு வாவியின் நடுவே அமைந்த சிறு தீவு புளியந்தீவு. ஒல்லாந்தர் கோட்டை, நெடுங்காலம் அக்கோட்டைக்குள் இயங்கிய கச்சேரி, தேவாலயங்கள், கோயில்கள், புகழ்பெற்ற பாடசாலைகள், கடைத்தெரு என்று நகரின் பழைமை முழுவதும் இச்சிறு நிலத்துண்டில் நெருங்கி நிற்கிறது. பாலங்கள் வந்தபின் நகரம் நாற்புறமும் விரிந்துவிட்டது. ஆயினும் மட்டக்களப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தவர் எவரும் புளியந்தீவைக் கடந்து போக முடிந்ததில்லை.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் இத்தீவில் ஒரு சாதாரண நாள் எவ்வாறு கழிந்தது? எந்தப் பருவத்தில் காய்ச்சல் பரவியது? பிள்ளைகள் எங்கே எழுத்துக் கற்றார்கள்? நெல் என்ன விலைக்குப் போயிற்று? வெளியூரிலிருந்து வந்த ஒருவரை ஊரார் எவ்வாறு எதிர்கொண்டார்கள்? அரசர்களின் பெயர்களும் போர்களின் ஆண்டுகளும் நிறைந்த நூல்கள் இவற்றுக்கு விடை தருவதில்லை. இத்தகைய செய்திகளைத் தருபவை நாட்குறிப்புகளும் கடிதங்களுமே. எழுதியவர் வரலாறு எழுதுவதாக நினைத்து எழுதவில்லை என்பதே அவற்றின் பெறுமதி.

புளியந்தீவைப் பற்றிய அத்தகைய எழுத்துகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் மிகப் பலவற்றைப் படிக்க வேண்டுமானால் லண்டனுக்கோ, நெதர்லாந்தின் டென் ஹாக் நகருக்கோ, குறைந்தது கொழும்புக்கோ போக வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி ஆயிற்று என்பதும், இனியும் இப்படித்தான் இருக்க வேண்டுமா என்பதுமே இக்கட்டுரையின் பொருள்.

எட்டு மாதம் வாழ்ந்தவர்

மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை 1814ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகிறது. அதற்கு வித்திட்டவர் வணக்கத்துக்குரிய வில்லியம் ஓல்ட். மட்டக்களப்பில் படித்த எவருக்கும் தெரிந்த பெயர். அவருடைய கதையோ பலருக்கு முழுமையாகத் தெரியாது.

1813 டிசம்பர் 30ஆந் திகதி கலாநிதி தோமஸ் கோக் என்னும் முதிய போதகரின் தலைமையில் வெஸ்லியன் மிஷனரிகள் அறுவர் இங்கிலாந்திலிருந்து இரு கப்பல்களில் புறப்பட்டனர். அறுவரில் ஓல்ட் ஒருவர். அவருடைய மனைவியும் உடன் வந்தார். அந்த அம்மையார் கடற்பயணத்திலேயே காலமானார். 1814 மே 3ஆந் திகதி காலை, கோக் தம் கப்பல் அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அவருடைய உடலும் இந்து சமுத்திரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. தலைவரை இழந்த குழுவில் ஒருவர் பம்பாயில் தங்கிவிட, எஞ்சிய ஐவர் ஜூன் 29ஆந் திகதி காலியில் கரையிறங்கினர்.

ஜூலை 11ஆந் திகதி காலியில் கூடிய ஐவரும் யார் எங்கே செல்வதென்று முடிவு செய்தனர். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணத்துக்கு. எர்ஸ்கின் மாத்தறைக்கு. குளோ காலியிலேயே. ஓல்ட் மட்டக்களப்புக்கு. தமிழ்ப் பகுதிகளுள் யாழ்ப்பாணத்துக்கு இருவர் துணையாய்ச் சென்றனர். மனைவியை இழந்து ஆறு மாதமும் ஆகாத ஓல்ட் தன்னந்தனியே கடல்வழியாக மட்டக்களப்பு வந்து சேர்ந்தார். அவர் கரையிறங்கிய இடமென்று சொல்லப்படும் வாவிக்கரையில் இன்று மட்டக்களப்பு வாயில் என்னும் நினைவுச் சின்னம் நிற்கிறது.

வந்தவர் தமிழ் கற்கத் தொடங்கினார். ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சிறு பள்ளிகளைத் தொடங்கினார். எட்டுப் பள்ளிகள் என்று மிஷன் வரலாறு கூறுகிறது. உடல் தளர்ந்தது. 1815 ஏப்பிரல் முதலாந் திகதி அவர் மறைந்தார். மட்டக்களப்பில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ எட்டு மாதங்கள் மட்டுமே.

அதே 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் திகதிதான் கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்புவிக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானது. இலங்கை வரலாற்று நூல்கள் அனைத்திலும் அந்த நாள் இடம்பெறுகிறது. அதே வாரங்களில் புளியந்தீவில் ஒருவர் நோயோடு போராடிக்கொண்டிருந்தார் என்பது எந்தப் பாடநூலிலும் வராது. அது நமக்குத் தெரிய வருவது அவரும் அவருடைய தோழர்களும் எழுதிய கடிதங்களாலும் குறிப்புகளாலுமே.

அக்கடிதங்கள் தப்பியது எப்படி?

ஓல்ட் பெரிய எழுத்தாளர் அல்லர். நெடுங்காலம் வாழ்ந்து அனுபவம் திரட்டியவரும் அல்லர். ஆயினும் அவருடைய எட்டு மாதங்கள் இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. காரணம் எளியது. அவருக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தது.

மிஷனரி ஒவ்வொருவரும் தாம் செய்த பணியை எழுதி அனுப்ப வேண்டும் என்பது அச்சங்கத்தின் ஒழுங்கு. கடிதம் லண்டன் சேரப் பல மாதங்கள் செல்லும். எழுதியவர் மண்ணுக்குள் போன பின்னும் அவருடைய கடிதம் கடலில் பயணம் செய்துகொண்டிருந்திருக்கக் கூடும். லண்டன் சேர்ந்த கடிதம் படிக்கப்பட்டது. சில பகுதிகள் சஞ்சிகைகளில் அச்சாயின. மூலம் கட்டி வைக்கப்பட்டது. பம்பாயில் தங்கிப் பின்னர் இலங்கை வந்து சேர்ந்த ஹாவர்ட், 1823இல் லண்டனில் வெளியிட்ட மிஷன் வரலாற்று நூலில் மறைந்த தம் தோழர்களின் நினைவுகளையும் பதிந்து வைத்தார். மெதடிஸ்த மிஷனரிச் சங்கத்தின் ஆவணங்கள் 1978இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆபிரிக்கக் கல்விக் கழகத்தின் நூலகத்தில் ஒப்படைக்கப்பட்டன. ஆய்வாளர் இன்று அங்கே சென்று இலங்கைக் கடிதங்களைக் கேட்டுப் படிக்கலாம்.

மிஷனரிக் கடிதங்களை அப்படியே உண்மையென்று கொள்ள வேண்டியதில்லை. அவை பணம் கொடுப்போருக்கு எழுதப்பட்டவை. பணி வளர்கிறது என்று காட்ட வேண்டிய தேவை எழுதியவருக்கு இருந்தது. உள்ளூர்ச் சமயத்தையும் வழக்கங்களையும் அவர்கள் தம் கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள். ஆனால் அக்கடிதங்களின் ஓரங்களில் நமக்கு வேண்டியவை கிடைக்கும். பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் வந்தனர், எந்த மாதம் வரவு குறைந்தது, மழை பெய்ததா, நோய் வந்ததா, கூலி என்ன என்பவற்றைப் பெருமைக்காக எழுதுவோர் இல்லை. செய்தியாளர் தொழிலில் இருந்தவர்களுக்கு இது நன்கு தெரியும். அறிக்கையின் முதற்பக்கம் தரும் செய்தியை விட அதன் பின்னிணைப்புத் தரும் செய்தி பெரும்பாலும் நம்பத் தகுந்தது.

ஓர் ஒப்பந்தம், இரண்டு படிகள்

கடதாசியை யார் பேணி வைத்தார் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு மட்டக்களப்பிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதைக் காண இன்னும் இருநூறு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

1602 மே மாத இறுதியில் ஒல்லாந்துக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரைக்கு வந்தார். அவருடைய பயண நாட்குறிப்பு சில ஆண்டுகளிலேயே ஒல்லாந்தில் படங்களுடன் அச்சானது. வந்தவர்கள் போர்த்துக்கேயரோ என்று இப்பகுதி ஆட்சியாளர் ஐயுற்றதையும், பின்னர் ஸ்பில்பேர்கன் கண்டிக்குச் சென்று மன்னன் விமலதர்மசூரியனைச் சந்தித்ததையும் அந்நூல் விவரிக்கிறது. அக்காலத்து மட்டக்களப்பு என்பது இன்றைய நகரைக் குறித்ததன்று என்றும், சம்மாந்துறைப் பகுதியையே குறித்தது என்றும், புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிய பின்னரே பெயர் இங்கு நிலைத்தது என்றும் மட்டக்களப்பு வரலாறு எழுதியோர் கருதுவர்.

அக்கோட்டை 1628இல் எழுந்தது. 1638 மே 18ஆந் திகதி, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். ஐந்து நாட்கள் கழித்து, மே 23ஆந் திகதி, மன்னனுக்கும் ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்டுக்கும் இடையில் மட்டக்களப்பில் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்துப் படை நிலைகொள்ளும் என்பது அதில் ஒரு வாசகம். மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், "மன்னன் விரும்பினால்" என்னும் பொருள்படும் ஒரு தொடர் அங்கே இருந்தது. ஒல்லாந்தரின் படியில் அத்தொடர் இல்லை.

இச்சிறு தொடரால் எழுந்த பூசல் பல ஆண்டுகள் நீடித்தது. கோட்டைகளைத் தன்னிடம் தரவில்லை என்று மன்னன் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினான். போர்த்துக்கேய மொழியில் எழுதப்பட்ட அக்கடிதங்கள் பலவற்றைப் பேணி வைத்தவர்கள் யார்? அவற்றைப் பெற்றுக்கொண்ட ஒல்லாந்தரே. மன்னனின் முறைப்பாட்டையே நாம் இன்று அவனுடைய எதிர்த்தரப்பின் பெட்டியிலிருந்துதான் எடுத்துப் படிக்கிறோம்.

ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் டென் ஹாக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் ஆகிய நகரங்களில் பரந்து கிடக்கின்றன. மொத்தம் ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பக்கங்கள். 2003இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. மட்டக்களப்பில் இருந்த ஒல்லாந்து அதிகாரிகள் பதவி விட்டுப் போகும்போது தமக்குப் பின் வருபவருக்காக விரிவான குறிப்பொன்றை எழுதி வைப்பது வழக்கம். 1676இல் பீற்றர் டி கிராவ் எழுதியதும், 1794இல் ஜேக்கப் பேர்னண்ட் எழுதியதும் இவ்வகையின. சுவிற்சர்லாந்தில் பிறந்து கம்பனிச் சேவையில் சேர்ந்த பேர்னண்ட் மட்டக்களப்பில் பத்தாண்டு அளவில் அதிகாரியாக இருந்தவர். நெற்செய்கையை விரிவாக்கியவர் என்று பெயர் பெற்றவர். வயல், குளம், ஊர்த்தலைவர், குடிவழக்கம் பற்றி அவர் எழுதியவை இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. யாழ்ப்பாணத்தில் பிறந்த வரலாற்றாசிரியர் சின்னப்பா அரசரத்தினம் போன்றோர் ஒல்லாந்து மொழி கற்று, அவர்தம் காப்பகங்களில் அமர்ந்து, 1958இலேயே நூல் எழுத முடிந்ததற்கு இத்தகைய கடதாசிகளே காரணம்.

பிரித்தானியர் ஆட்சியிலும் இவ்வொழுங்கு தொடர்ந்தது. அரசாங்க அதிபர்களும் உதவி அரசாங்க அதிபர்களும் நாட்குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை பணியாற்றிய லெனார்ட் வூல்பின் நாட்குறிப்பு பின்னாளில் நூலாகவே வெளிவந்து புகழ் பெற்றது. புளியந்தீவுக் கோட்டைக்குள் இருந்த கச்சேரியிலும் அதிகாரிகள் இவ்வாறே எழுதினர். வெள்ளம், கொள்ளைநோய், வயற்பிணக்கு, வீதி வேலை, வந்து போனோர் என்று நாள்தோறும் வரிகள்.

இவர்கள் எல்லோரும் தவறாமல் எழுதிய ஒன்று உண்டு: பாடும் மீன். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்புக்கு வந்தபோது நிலவில் தோணியேறி அவ்வொலியைக் கேட்டதை 1859இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார். பின் வந்த பயணிகள் அதைத் தேடியே வந்தனர். புதிதாய் வருபவருக்கு வியப்பாய்த் தோன்றுவது வேறு. ஊரில் பிறந்தவர் நாள்தோறும் கவனிப்பது வேறு. வாவியில் இறால் குறைந்த ஆண்டையும், முகத்துவாரம் வெட்டிய நாளையும், சந்தையில் நெல்லின் விலையையும் ஊரார் கவனித்திருப்பர். ஆனால் அவர்கள் எழுதியது எங்கே?

ஊராரின் ஏடுகள்

மட்டக்களப்பார் எழுதாதவர்கள் அல்லர். ஏட்டுச்சுவடி வளம் மிகுந்த நாடு இது. கண்ணகி வழக்குரை, வைத்தியம், சோதிடம், மந்திரம், கூத்து என்று ஏடுகள் வீடுதோறும் கோயில்தோறும் இருந்தன. கோயில் உரிமைகளையும் குடிவழிகளையும் சொல்லும் 'கல்வெட்டு'ப் பாடல்கள் கல்லில் அல்ல, ஏட்டிலும் நினைவிலும் வாழ்ந்தவை. எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' ஏடுகளிலிருந்து அச்சுக்கு வந்தது. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. இவ்விரு நூல்களும் இல்லையேல் நம் வரலாற்றறிவு பெரிதும் குறைந்திருக்கும்.

ஏட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. அது நெடுநாள் நிலைப்பதில்லை. செல்லும் பூச்சியும் ஈரமும் அதை அரிக்கும். ஆகவே ஒரு தலைமுறை எழுதியதை இன்னொரு தலைமுறை பார்த்துப் புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். படியெடுத்தல் கடினமான வேலை. தேவையென்று கருதியதையே படியெடுப்பார்கள். கோயிலில் படிக்க வேண்டிய வழக்குரையைப் படியெடுத்தார்கள். நோய் தீர்க்கும் வாகடத்தைப் படியெடுத்தார்கள். மகன் தாய்க்கு எழுதிய ஓலையை யார் படியெடுப்பார்?

'ஓலை' என்னும் சொல்லுக்கே கடிதம் என்ற பொருள் தமிழில் உண்டு. அவ்வளவுக்குத் தமிழர் ஓலையில் கடிதம் எழுதியிருக்கிறார்கள். செய்தி சேர்ந்ததும் ஓலையின் பணி முடிந்தது. வழிபாட்டுக்கும் வைத்தியத்துக்கும் நாம் காப்பகம் வைத்திருந்தோம். அன்றாட வாழ்வுக்கு வைக்கவில்லை. அக்குறையைச் சொல்லும்போது நம் முன்னோரைப் பழிக்க வேண்டியதில்லை. காலநிலையும் எழுதுபொருளும் அப்படி.

கடதாசியில் எழுதப்பட்டதும், வீட்டார் பேணியதும், தேடி வந்த ஒருவர் கண்டெடுத்ததும் ஒன்று கூடினால் என்ன கிடைக்கும் என்பதற்குப் புதுச்சேரி சான்று. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் மறையும் காலம்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக இருந்தவர். அரசியலை மட்டும் அவர் எழுதவில்லை. கப்பல் வந்த நேரம், சரக்கின் விலை, விருந்து, வதந்தி, குடும்பத் துயரம் எல்லாவற்றையும் எழுதினார். அவர் மறைந்து 85 ஆண்டுகள் அந்தக் குறிப்பேடுகள் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்தார். அதன்பின் ஏரியல் என்பவர் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குச் சென்றது. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. புதுச்சேரியிலேயே இரண்டாம் வீரா நாயக்கரின் 1778 - 1792 ஆண்டுகளுக்குரிய நாட்குறிப்பும் கிடைத்துள்ளது. தமிழர் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் என்று சொல்ல இனி யாருக்கும் உரிமையில்லை.

அடுப்பில் போன கடிதங்கள்

ஓல்ட் தொடங்கிய பள்ளிகளும், அவருக்குப் பின் கத்தோலிக்கரும் சைவரும் முஸ்லிம்களும் நடத்திய பள்ளிகளும் இப்பகுதியில் எழுத்தறிவைப் பரப்பின. தபால் வந்தது. கடதாசியும் மையும் மலிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சாதாரண குடும்பங்களிலும் கடிதம் எழுதும் வழக்கம் நிலைபெற்றது. ஆசிரியப் பணிக்குத் தொலைதூரம் போன மகன் எழுதினான். மலையகத்துக்கும் மலாயாவுக்கும் போனோர் எழுதினர். திருமணம் பேசியோர் எழுதினர். இந்தக் கடிதங்களுக்கு ஓலையின் குறை இல்லை. ஒழுங்காக வைத்தால் கடதாசி நூறாண்டு தாங்கும்.

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளை எடுத்துக்கொள்வோம். புளியந்தீவின் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர். சென்னை, சிதம்பரம், இமயத்து மாயாவதி, கொழும்பு என்று அவருடைய பணி பரந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவரே. இத்தகைய ஒருவர் எழுதிய கடிதங்கள் அத்தனை ஊர்களிலும் சென்று சேர்ந்திருக்கும். எழுதியவரின் வீட்டில் தேடினால் அவை கிடைக்கமாட்டா. பெற்றவர்களின் வீடுகளில்தான் தேட வேண்டும். கடிதம் என்பது எப்போதும் பிறர் பெட்டியில் இருக்கும் நம் சொத்து.

ஆனால் கிழக்கில் அப்பெட்டிகள் பட்ட பாடு சிறிதன்று. 1978 நவம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை கரையோரத்தை வழித்துச் சென்றது. இடையே போர். இடம்பெயர்ந்தவர் கையில் எடுத்துச் சென்றவை பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டை. கடிதக் கட்டை எடுத்துச் செல்ல யாருக்கும் கை இருக்கவில்லை. வேறொன்றும் நடந்தது. சுற்றிவளைப்பும் சோதனையும் வரும் நாட்களில், வெளிநாட்டிலிருந்து வந்த கடிதம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று அஞ்சித் தாய்மார் அவற்றைத் தம் கையாலேயே அடுப்பில் இட்டார்கள். புகைப்படங்களும் அவ்வாறே போயின. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தை உலகம் அறியும். ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் என்று எண்ணிக்கை சொல்லப்படுகிறது. அடுப்புகளில் எரிந்தவற்றுக்கு எண்ணிக்கை கிடையாது.

மிஞ்சியது வெளியூரில் இருக்கிறது

இங்கேதான் வரலாறு ஒரு விந்தையைச் செய்திருக்கிறது. 1983க்குப் பின் புலம்பெயர்ந்தோர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் பல ஊரில் அழிந்தன. ஆனால் ஊரிலிருந்து அவர்களுக்குப் போன கடிதங்கள் கனடாவிலும் ஜேர்மனியிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் சூட்கேஸ்களில் இன்னும் கிடக்கின்றன. நீல நிற ஏரோகிராம்கள். பாஸ்கட்டுப்பாடு காரணமாகக் கொழும்பு வந்து போவோர் கையில் கொடுத்தனுப்பியவை. அரிசி விலை, மருந்துத் தட்டுப்பாடு, காணாமற்போன அயலவர் பிள்ளை, வயல் விதைத்தது, மாடு கன்று ஈன்றது, கோயில் திருவிழா நடந்ததா இல்லையா என்ற செய்திகள் நிறைந்தவை. அஞ்சி எழுதியதால் சொல்லாமல் விட்டவையும் அவற்றில் உண்டு. வரிகளுக்கிடையே படிக்கத் தெரிந்தவருக்கு அவையும் சான்றுகளே.

ஓல்ட்டின் கடிதங்கள் புளியந்தீவிலிருந்து லண்டன் போனதால் பிழைத்தன. இருநூறு ஆண்டு கழித்து நம் தாய்மாரின் கடிதங்களும் அதே வழியில் போய்ப் பிழைத்திருக்கின்றன. வேறுபாடு ஒன்றே. ஓல்ட்டின் கடிதத்தைப் பெற்றது ஒரு சங்கம். அம்மாவின் கடிதத்தைப் பெற்றது ஒரு தனிமனிதர். அவருக்கும் வயதாகிறது. அவருடைய பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வீடு மாறும் நாளில், அல்லது அவர் மறைந்த பின் அறையை ஒழிக்கும் நாளில், அப்பெட்டி குப்பைக்குப் போகும். இதைத் தடுக்க நமக்கு இருக்கும் காலம் அதிகமில்லை. இருபது ஆண்டு என்று சொன்னாலும் கூடுதலே.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கடிதங்களைப் பிளாஸ்ரிக் தாளில் ஒட்டி மூடக் கூடாது. கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்டக் கூடாது. அதன் பசை காலப்போக்கில் கடதாசியைத் தின்னும். துருப்பிடித்த ஊசிகளையும் கிளிப்புகளையும் எடுத்துவிட வேண்டும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் அமிலமற்ற உறைகளில் வைப்பது நன்று. உறையை எறியக் கூடாது. திகதியும் தபால் நிலையமும் பெரும்பாலும் அதன் முத்திரையில்தான் இருக்கும். முன்னும் பின்னும் வருடி எடுத்துப் பிரதியை வேறோரிடத்திலும் வைக்க வேண்டும்.

எங்கே கொடுப்பது என்று கேட்போருக்கு இன்று விடை உண்டு. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் நூல்களையும் ஏடுகளையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம் தனியார் ஆவணங்களையும் ஏற்கிறது. புலம்பெயர் நாடுகளின் நகரக் காப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் குடியேறியோர் கடிதங்களைச் சேர்ப்பதில் இப்போது ஆர்வம் காட்டுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கடிதத்தில் பேசப்படுவோர் பலர் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு வீட்டுச் சண்டையோ, கடனோ, ஒருவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதோ இன்றும் தீங்கு செய்யக் கூடும். ஆகவே சேர்ப்பது வேறு, வெளியிடுவது வேறு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்படைக்கும் முறை உலகெங்கும் உள்ளது. எரிப்பதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் நடுவில் மூடி வைத்துக் காப்பது என்று ஒரு வழி இருக்கிறது.

ஓல்ட் தமிழ் கற்கத் தொடங்கியபோது அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த ஒருவர் புளியந்தீவில் இருந்திருக்க வேண்டும். வெள்ளைக்காரர் வந்ததையும், காய்ச்சலில் விழுந்ததையும், இறந்ததையும் அவர் பார்த்திருப்பார். அதைப் பற்றித் தம் உறவினருக்கு ஓர் ஓலை எழுதியிருக்கவும் கூடும். நாம் படிப்பது ஓல்ட் எழுதியதை. அந்த ஆசிரியர் எழுதியதை அல்ல. 1814ஐப் பொறுத்தவரை இதை இனி மாற்ற முடியாது. 1984ஐயும் 1990ஐயும் 2004ஐயும் பொறுத்தவரை மாற்ற முடியும்.

இதைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய கடிதக் கட்டு இருந்தால் இவ்வாரம் எடுத்துப் பாருங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார், எந்த ஊர், கடிதத்தில் வரும் 'சின்னண்ணை' யார், 'கடைக்காரப் பெரியப்பா' யார் என்பதை ஒரு தனித்தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். அந்தப் பெயர்களை அறிந்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கக் கூடும்.